ஸ்பிரிங் இல்லாத முறுக்கு அச்சு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதிலும் என் சரக்கை யாராவது குறை சொன்னால் போதும், சாமி வந்துவிடும். தி.நகரில் எங்கள் பாத்திரக்கடையில் பதினைந்து வருஷம் பில் போட்ட பிறகு, நானே தேடிப் பிடித்து வெளிநாட்டிலிருந்து இறக்கிய முதல் சரக்கு அது. கைப்பிடியை அமுக்கினால் மாவு பிழியும் முறுக்கு அச்சு. தீபாவளிக்குக் கடைக்கு வரவேண்டியது, துறைமுகத்தில் நின்றுவிட்டது.

பேடன்ட் புகார் வந்தாலே சுங்கத்துறை சரக்கை நிறுத்தி வைத்த காலம் அது. கையை எடுத்ததும் கைப்பிடி தானாக எழும்பும்படி ஸ்பிரிங் வைத்தது எங்கள் கண்டுபிடிப்பு, அதைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. என் அச்சில் ஸ்பிரிங்கே கிடையாது! நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று, முன்பே மாதிரிக்காக வரவழைத்துக் கடையில் வைத்திருந்த அச்சை நானே அதிகாரிக்கு அனுப்பிவைத்தேன். பத்து நாளில் ஆர்டர் வந்தது. பேடன்ட் மீறல், சரக்கை உள்ளே விட முடியாது.

கணவரின் அண்ணன்தான் கடைக்குப் பெரியவர். "இந்தா பாரும்மா, இது கைவிட்டுப் போச்சுன்னா சரக்கு எடுக்கற வேலையை விட்டுரு. நீ பில்லு போட்டாப் போதும்" என்றார். மறுபடியும் அந்த பில் மேசையா? செத்தாலும் மாட்டேன்.

அப்பீல் செய்ய ஆழ்வார்பேட்டையில் ஒரு வக்கீலம்மாவிடம் நானும் கணவரும் போனோம். மயிலாப்பூர்க்காரர். ஆர்டரைப் படித்துவிட்டு, "ஸ்பிரிங் இருக்குன்னு அதிகாரி அமுக்கிப் பாத்துட்டே எழுதியிருக்காரே. நீங்க இல்லேங்கறேளே?" என்றார். முருகன் மேல் சத்தியம் செய்தேன். என் கணவர் மட்டும் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுரீரென்றது. எங்கள் கடையில் எதுவும் வந்தது வந்தபடி அலமாரி ஏறாது. முனை கீறினால் இவர் அரம் போடுவார், திருகு ஆடினால் மாற்றுவார். கரண்டியைக்கூட சும்மா விட்டதில்லை.

"ஏங்க, அதுலயும் கை வச்சீங்களா?"

"உனக்குக் கை வலிக்குமேன்னு... பழைய டார்ச் லைட் ஸ்பிரிங்தான். ஒண்ணே ஒண்ணு."

அடப்பாவி மனுஷா! வக்கீல் ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்தித் தீர்த்தேன். வக்கீலம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை இவரே வந்து சொல்லணும்" என்றார். என் கணவர் முகம் செத்துவிட்டது. அண்ணன் முன்னால் ஒரு தப்பையும் ஒத்துக்கொண்ட வழக்கம் இவருக்குக் கிடையாது. விசாரணைக்கு அண்ணனும் வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு வாரம் எங்கள் கோபாலபுரம் வீட்டில் இவர் கண்ணாடி முன்னால் ஒரே வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். அந்த வரியும் பாதியில் நின்றுபோகும்.

விசாரணை அன்று கிடங்கிலிருந்து சீல் பிரிக்காத பெட்டி ஒன்றை வரவழைத்தார்கள். நான் டிபன் பாக்ஸில் முறுக்கு மாவு பிசைந்து கொண்டுபோயிருந்தேன். மேலதிகாரி கண் முன்னால் சீலை உடைத்து, ஒரு அச்சை எடுத்து, மாவைப் போட்டு அமுக்கினேன். முறுக்கு விழுந்தது. கைப்பிடி அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. கம்பெனி வக்கீல் தானும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு விரலை உதறிக்கொண்டார்.

"அப்ப மாதிரியில மட்டும் ஸ்பிரிங் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் மேலதிகாரி.

கணவர் எழுந்தார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார் போட்டேன். அவளுக்குத் தெரியாது. அவ எடுத்த சரக்கு சரியான சரக்கு."

என்னவெல்லாம் திட்டியிருந்தேன் இவரை! அங்கேயே அழுதுவிட்டேன்.

தடை ரத்தாகி, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் சரக்கு கடைக்கு வந்தது. வாங்க வந்து முதலில் எடுத்து அமுக்கிப் பார்த்த ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்தார். "இன்னாய்யா இது, கையே கழண்டுடும் போல கீது! ஸ்பிரிங் வச்சது இல்லியா?" என்று கல்லாவில் இருந்த அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "அவங்ககிட்ட கேளுங்கம்மா. இங்க சரக்கு எடுக்கறது அவங்கதான்."