கிளட்ச் கனம்

கிளம்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று வந்தாக வேண்டும் அவருக்கு. முன் டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, செயினை விரலால் ஒரு தூக்கு, என்ஜின் ஆயில் தெரியும் கண்ணாடிக்குக் குனிந்து ஒரு பார்வை. பின் விளக்குக்கு நேரே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு பிரேக்கை மிதிப்பார். உள்ளங்கை சிவந்தால் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். மழை கொட்டினாலும் சரி, நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் யாரோ மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள் என்று போன் வந்தாலும் சரி, இந்தச் சுற்று நடந்தே தீரும். "ரெண்டு நிமிஷத்துல யாரும் செத்துட மாட்டாங்க. நான் வழியில நின்னா ரெண்டு மணி நேரம் ஆகும், பரவால்லயா?" என்று திருப்பிக் கேட்பார்.

மனிதருக்கு ஐம்பத்தேழு வயது. லிஃப்ட் மெக்கானிக். இந்தத் தொழிலில் ஒரு அநியாயம் உண்டு. அவர் போகிற கட்டடம் எதிலும் லிஃப்ட் ஓடாது. ஓடினால் அவரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? மோட்டார் அறையோ மொட்டை மாடியில் இருக்கும். ஆகவே முப்பத்து மூன்று வருஷமாக, ஊரார் சொகுசாக ஏறி இறங்குவதற்காக, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் படியேறிக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று "அப்பாடா" என்பார். முன்பெல்லாம் அந்த அப்பாடா ஏழாம் மாடியில்தான் வரும்.

மோட்டார் அறை ஆணியில் ஒரு பதிவேடு தொங்கும். வேலை முடிந்ததும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பழுதைச் சரிசெய்துவிட்டால் 'குறை இல்லை'. சரியாகவில்லை என்றால் குறை என்னவோ அதை எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது; அடித்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்திலேயே காரணம் எழுதி, மறுபடி கையெழுத்துப் போடவேண்டும். அவர் இடது கைக்காரர். நோட்டை வளைத்துப் பிடித்துக்கொண்டு, உருண்டை உருண்டையாக 'குறை இல்லை' என்று எழுதுகிற அழகைப் பார்த்துப் பார்த்து, காவலாளிகள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "ஏய், குறையில்லை சார் வந்துட்டாரு, படிக்கட்டு லைட்டைப் போடு!" என்று கூவுவார்கள். அவருக்கு அதில் கோபம் ஒன்றும் கிடையாது.

இதே மாதிரி ஒரு பதிவேட்டை மனிதர் தன் மோட்டார் சைக்கிளுக்கும் வைத்திருக்கிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது! சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்த்து முடித்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, அதற்கு நேரே அந்த இரண்டு வார்த்தைகள். பத்தொன்பது வருஷத்தில் டயர் போயிருக்கிறது, செயின் போயிருக்கிறது, என்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் ஒரு முறை நெடுஞ்சாலையில் காலை வாரியிருக்கிறது. எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். அதனால் பக்கம் பக்கமாக, மேலிருந்து கீழ்வரை, குறை இல்லை, குறை இல்லை, குறை இல்லை.

வண்டி நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. வேகமாகவும் போகும், நாள் முழுக்கவும் போகும். இருநூற்றைம்பது கிலோ. முன்னால் காற்றுத் தடுக்க ஒரு கண்ணாடி, உடம்பை மூடிய நீல உறை, பின்பக்கம் இரண்டு பெட்டிகள். அவர் வாங்கும்போதே அதற்கு மூன்று வயது. இப்போது நீலம் வெளுத்து, துவைத்துத் துவைத்துப் போட்ட சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. உறையின் ஒரு மூலை ஒடிந்து, கட்டுநாடா போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள்.

"சார், பழசாச்சே. தொல்லை குடுக்காதா?"

"குடுத்தா சொல்லி அனுப்புறேன்."

"புதுசு பாக்கலையா?"

"பாத்தேன். எல்லாத்துலயும் டிவி வெச்சிருக்கான். எனக்கு வேண்டியதெல்லாம் இதுல இருக்கு, வேணாதது ஒண்ணும் இல்ல. விளக்கு மாறிடுச்சு, போங்க."

பெருமை அடித்துக்கொள்வதற்காகச் சொல்வதில்லை. சலித்துப்போன குரலில், எதிரே இருப்பவர் வாயை அடைத்தால் போதும் என்றுதான் சொல்வார். ஆனால் அந்தச் சலிப்புக்கு அடியில் ஒரு நிறைவு கிடந்தது. நாளெல்லாம் அடுத்தவர் பழுதையே பார்க்கிற மனிதருக்கு, சாயங்காலம் படியிறங்கி வரும்போது, பழுதில்லாத ஒன்று வாசலில் நிற்கிறது. வேறென்ன வேண்டும்?

அவர் மனைவி தபால் நிலையத்தில் கவுன்ட்டர் எழுத்தர். வண்டிக்கு அந்த அம்மாள் வைத்த பெயர் 'சின்ன வீடு'. "சின்ன வீட்டுக்குப் போயிருக்காரு, கூப்பிடுறேன்" என்று போனில் சொல்லிவிட்டுக் கீழே எட்டிப் பார்ப்பாள்; இவர் துணியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். கிண்டல் ஒரு பக்கம் இருந்தாலும், மாதம் ஒரு முறை இருவரும் அந்த வண்டியில்தான் மகள் வீட்டுக்குப் போவார்கள். நாலு மணி நேரப் பயணம். முதல் அரை மணி நேரம் அலுவலகக் கதை. அப்புறம் அவர் முதுகில் ஹெல்மெட்டைச் சாய்த்து அந்த அம்மாள் தூங்கிவிடுவாள். "கட்டில்ல கூட எனக்கு இப்படித் தூக்கம் வர்றதில்லடி" என்று மகளிடம் வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் பள்ளம் மேடு பார்த்து ஓட்டுகிறார்.

இப்படி இருந்த பதிவேட்டில், நாலு மாதத்துக்கு முன் முதல் தடவையாக வேறொரு வரி விழுந்தது. 'கிளட்ச் கனம்.'

கிளட்ச் பிடி கல்லாக இறுகிவிட்டது. ஒரு சிக்னல் பச்சையாவதற்குள் இடது கை மரத்துப்போய், விரல்கள் தானாக நழுவி, வண்டி குதித்து நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மானம் போயிற்று. கேபிளுக்கு எண்ணெய் விட்டார், அதே கனம். புதுக் கேபிள் போட்டார்; அதே கனம். இரண்டாம் மாதம் கிளட்ச் பிளேட்டையே மாற்றச் சொன்னார். மூன்றாம் மாதம் அந்தப் புதுக் கேபிளையும் கழற்றி, இன்னொரு புதுக் கேபிள். பத்தொன்பது வருஷமாக அந்த வண்டியைத் தொடும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, கேபிள் புதுசு, பிளேட் புதுசு, ஸ்பிரிங் புதுசு. இனி மாத்துறதுக்கு நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"வாய் பேசாம வேலையப் பாருய்யா."

"வேலை முடிஞ்சிருச்சுண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"கல்லா இருக்கு, நல்லாத்தான் இருக்குங்கற!"

வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினார். 'கிளட்ச் கனம்.' நாலு மாதம், நாலு வரி. மகளிடம் வேலை அதிகம் என்று சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். இடையில் கை வலிக்கு மருந்துக்கடையில் ஸ்பிரே வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரர் ஆறு வருஷமாக வண்டிமேல் கண் வைத்திருப்பவர், கடை இருக்கும் கட்டடத்துக்கு இவர் போகும்போதெல்லாம் "எப்ப குடுக்குறீங்க?" என்று கேட்பார். அவரிடமா வலி என்று காட்டிக்கொள்வது? "ஸ்பிரே யாருக்கு?" என்று கேட்டதற்கு, "வீட்டுல அவளுக்கு. முத்திரை குத்திக் குத்திக் கை வலியாம்" என்று வாய் கூசாமல் புளுகிவிட்டார். கை வலிக்குக் காரணம் கனமான கிளட்ச் என்றுதான் மனிதர் சத்தியமாக நம்பினார். ஆயிரம் லிஃப்டில் பழுது கண்டுபிடித்த தலைக்கு, இதில் எது முன், எது பின் என்று மட்டும் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் மறுபடி கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காய்கறிப் பையோடு வந்த மனைவி நின்றாள்.

"இன்னுமா முடியல?"

"முடிஞ்சாதான! கல்லு மாதிரி இருக்கு சனியன்."

அந்த வண்டியை அவர் சனியன் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் போட்டுப் பிடியை இழுத்தாள். அது பாட்டுக்குக் கடைசிவரை வந்தது. விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"இதுலயா கல்லு?"

"உனக்கென்ன, நாள் பூரா முத்திரை குத்துற கை."

அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள். கொஞ்ச நாளாகத் தண்ணீர் பாட்டில் மூடியை அவர் பல்லால் திருகுவதும், சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி அவளிடம் வந்து நிற்பதும் இப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து அவள் ஞாபகத்துக்கு வந்தன. வலது கையை நீட்டினாள்.

"இந்தாங்க. என் கையைப் பிடிச்சு நசுக்குங்க. வலிச்சா கத்துறேன்."

"என்ன விளையாட்டு இது?"

"இடது கையால. நசுக்குங்கன்னா நசுக்குங்க."

பிடித்தார். பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. அவள் காத்திருந்தாள்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய மேடு வற்றி, பள்ளமாகியிருந்தது.

"எத்தனை மாசமா?"

"வண்டின்னு நினைச்சேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. கை போயிற்றே என்பதற்காக அல்ல. வாயில்லாத ஒன்றின் மேல் நாலு மாதம் பழி போட்டுவிட்டோமே என்பதுதான் அவரை அறுத்தது.

டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து, ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்துச் சொன்னார்: நரம்பு வருஷக்கணக்கில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் வலி நிற்கும், போன பலம் முழுசாகத் திரும்புவது சந்தேகம். "கியர் இல்லாத சின்ன வண்டியா ஓட்டுங்க. கிளட்ச் வேண்டாம்." அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, வண்டியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்று அவர் சொன்னபோது மனைவிதான் கெஞ்சினாள்.

"இருந்துட்டுப் போகட்டுங்க. நிறுத்தி வெச்சுக்கலாம். சும்மா துடைச்சுக்கிட்டு இருங்க."

"ஓடுற வண்டிம்மா அது. நிறுத்தி வெச்சா ஆறு மாசத்துல செத்துப் போயிடும். எனக்குத் தாங்காது."

"எனக்கு மட்டும் தாங்குமா? இனிமே யார் முதுகுல தூங்குறது நான்?"

"என் முதுகுலதான். பஸ்ல ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன்."

அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

மறு ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. வண்டியை வாங்கிக்கொள்ள மருந்துக்கடைக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்த ஹெல்மெட் கையில் இருந்தது. முதலில் மனைவியைத்தான் விசாரித்தார்.

"கை வலி தேவலையாம்மா? மாசம் ரெண்டு ஸ்பிரே ஆகுதே உங்களுக்கு."

அந்த அம்மாள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் செயினைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப தேவலைங்க" என்றாள்.

மனிதர் வழக்கமான சுற்றைச் சுற்றி முடித்து, சீட்டைத் தூக்கிப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அடேங்கப்பா" என்றார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"கிளட்ச்ல என்னமோ எழுதியிருக்கே? நாலு மாசமாவா?"

"ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. பத்தொன்பது வருஷத்தில் அது போகிற சத்தத்தை அவர் வெளியே நின்று கேட்டதில்லை. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கால் மணி நேரம் கழித்துக் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"சார், வெண்ணெய் மாதிரி இருக்கு கிளட்ச்! அப்புறம் எதுக்கு இப்படி எழுதி வெச்சீங்க?"

அவர் பதிவேட்டை வாங்கி வண்டியின் சீட்டின் மேல் விரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நாலு வரிகளையும் ஒவ்வொன்றாக, நிதானமாக அடித்தார். பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். இடது கையில் பேனா நிற்கவில்லை, இரண்டு முறை நழுவிற்று. வலது கைக்கு மாற்றி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் எழுதினார்: 'என் கையின் குறை. வண்டியில் குறை இல்லை.' கடைக்காரர் அதைப் படித்தார். ஸ்பிரே ஞாபகம் வந்திருக்க வேண்டும்; அந்த அம்மாளைப் பார்த்தார், அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இனிக் கையெழுத்து. அது மட்டும் வலது கையால் செல்லாது என்பது போல, பேனாவை மறுபடி இடது கைக்குக் கொண்டுபோனார். விரல்கள் மூட மறுத்தன. மனைவி குனிந்து, தன் கையால் அந்தக் கையைப் பொத்தி, பேனா நழுவாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.