எண் இல்லாத மெசேஜ்

எங்கள் எஸ்டேட்டில் ஒரு கங்காணி இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டிக்கொண்டேதான் பேசுவார். தொழிலாளர்கள் குடியிருந்த ஏழாம் லைன் வீடுகளுக்கு மேலே மலையில் விழுந்திருந்த வெடிப்பைத் தினமும் காலையில் அளந்து, "வெடிப்பு 42 மி.மீ., மழை இல்ல" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அந்த வரியிலிருந்து எண்ணை மட்டும் உருவி கிராஃப் போட, நான் பைத்தானில் நாலு வரி புரோகிராம் எழுதியிருந்தேன். எண் கிடைக்காவிட்டால் முந்தின நாள் எண்ணையே அது போட்டுக்கொள்ளும். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு எனக்கு.

மூன்று நாள் அடைமழை. கிராஃப் மட்டும் அசையாமல் நேராகக் கிடந்தது. பயமில்லை என்று மானேஜரிடம் சொன்னேன். அவர் லைனுக்குச் சொல்லி அனுப்பினார்.

நாலாம் நாள் கங்காணி நனைந்தபடி ஆபீசுக்கு வந்தார். பேசப் பேச, கை வெறும் பையைத் தட்டியது.

"ஸ்கேல் எங்க கங்காணி?"

"அன்னிக்கே மெசேஜ் போட்டேன்லா தம்பி. படிக்கலையா?"

போனைத் திறந்தேன். "அளக்க முடியல. ஸ்கேல் உள்ள விழுந்துருச்சு. சத்தமே கேக்கல." மறுநாள்: "கை உள்ள போகுது." அதற்கும் மறுநாள்: "தோள் வரைக்கும் போகுது." ஒன்றிலும் எண் இல்லை.

"அப்புறம் ஏன் யாரும் லைன விட்டுப் போகல?"

"கம்ப்யூட்டர்ல பாத்துட்டு பயமில்லன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க? என் வீட்டுக்காரி இப்பக்கூட அங்கதான் சமைச்சிக்கிட்டு இருக்கா."

அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் இன்றும் என்னை விடவில்லை.