இருபத்து மூன்று பிள்ளைகளும் ஐந்து பொண்டோக்கும்

பிள்ளைகள் வெளியில் குடிசை கட்டும்போது பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற வேலையில், ஒன்றுமே நடக்காத நாள்தான் நன்றாக வேலை செய்த நாள். அதனால் யாரும் நமக்கு நன்றி சொல்ல மாட்டார்கள். ஊரார் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

நான் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேச வராது, குரலும் சின்னது. ஆனால் ஏறின தலையும் இறங்கின தலையும் ஒத்துப்போகாமல் ஒரு நாளும் பஸ்ஸைப் பூட்டியதில்லை. அதனால்தான் எங்கள் கோயில் ஃபாதர் பள்ளி விடுமுறை முகாமுக்கு என்னைக் கூப்பிட்டார்.

இடம், பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். கம்பு, மட்டை, கன்வாஸ் வைத்துப் பிள்ளைகள் தாங்களே பொண்டோக், அதாவது சின்னக் குடிசை, கட்ட வேண்டும். முந்தைய வருடம் ஒரு பையனின் நெற்றியில் கம்பு விழுந்து தையல் போட வேண்டியிருந்தது. இந்த வருடம் கிளம்பும்போதே கமிட்டித் தலைவி ரோஸ்மேரி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு பிள்ளைக்கு அடிபட்டுச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து கடையில விக்கிற கூடாரந்தான். அதுவும் கோயில் வாசல்ல!"

முதலில் மேலே பார்

கட்டுவதற்கு முன் இடம் பார்க்க வேண்டும். பெரிய பையன்கள் அடங்கிய குழு நல்ல நிழலாக ஓர் இடத்தைப் பிடித்துக் கம்புகூட நட்டுவிட்டது. அது தோட்டத்து ஓரத்தில் இருந்த டுரியான் மரத்தடி. காய்க்கிற பருவம் வேறு. சத்தம் போட்டு விரட்ட எனக்கு வராது. கீழே விழுந்து கிடந்த, தேங்காய் கனமும் உடம்பெல்லாம் முள்ளுமான ஒரு பழத்தைக் காம்பைப் பிடித்துத் தூக்கி வந்து, அவர்கள் கம்பு நட்ட இடத்தில் நடுவாக வைத்தேன். "இது நேத்து ராத்திரி இங்கதான் விழுந்துச்சு" என்றேன்.

பையன்கள் பழத்தைப் பார்த்தார்கள், பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். கிளையில் இன்னும் ஏழு தொங்கிக்கொண்டிருந்தன. ஐந்தே நிமிடத்தில் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு திறந்த வெளிக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவன் மட்டும் திரும்பி வந்து கேட்டான்: "அங்கிள், இடம்தான் ஆபத்து. பழத்தை நாங்க எடுத்துக்கலாந்தானே?"

முதலில் நான் உட்காருவேன்

கட்டி முடித்த பொண்டோக்குக்குள் பிள்ளைகள் நுழையும் முன் நான் நுழைய வேண்டும் என்பது என் விதி. நடுக்கம்பைப் பிடித்து மூன்று தடவை ஆட்டுவேன். பிறகு உள்ளே உட்கார்ந்து இருபதுவரை எண்ணுவேன். நிற்கிறதா, அவர்கள் வரலாம்.

முதல் நான்கும் நின்றன. சின்னப் பெண்கள் கட்டிய ஐந்தாவது, பார்க்க எல்லாவற்றையும்விட அழகு. வாசலில் காட்டுப் பூக்கூட வைத்திருந்தார்கள். ஆனால் கம்புகளை ரஃபியா கயிற்றால் சப்பாத்து நாடாவைப் போல அழகாகச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் பதினான்கு எண்ணும்போது முழுப் பொண்டோக்கும் கன்வாஸோடு என் தலைமேல் உட்கார்ந்துவிட்டது. முள் சீவிய மட்டைகள் என்பதால் கீறல்கூட இல்லை. கன்வாஸுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது: "அங்கிள், உள்ள வசதியா இருக்கா?"

கோட்டுக்கு வெளியே

அந்தக் குரல் ஜெனியுடையது. ஒன்பது வயது. எதையும் உரக்க எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள். படி ஏறினால் படி, சாப்பிட்டால் பிஸ்கட். ஆகவே தலை எண்ணுகிற வேலையில் அவளைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். முகாமில் இருபத்து மூன்று பிள்ளைகள். காலையில் எண்ணச் சொன்னேன், இருபத்து நாலு என்றாள். நான் எண்ணினேன், இருபத்து மூன்று. மத்தியானமும் இருபத்து நாலு என்றாள். சின்னப் பிள்ளை, எங்கோ ஒன்றை இரண்டு தடவை எண்ணுகிறது என்று நினைத்து, அதற்குமேல் கேட்கவில்லை.

பாராங் கத்தி பிடிக்கப் பதினைந்து வயது ஆனவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் என் கண் முன்னால். வெட்டுகிறவனைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் கீறியிருந்தேன். அவன் கத்தியைக் கீழே வைக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. பெரிய பையன் டேனியல் மட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா சேவியர் வந்தார். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்பவர். மகனைப் படம் எடுக்கும் ஆசையில் கைபேசியைப் பிடித்தபடி நேராக வட்டத்துக்குள் காலை வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "அங்கிள், வெளிய நில்லுங்க. உங்க மகன் கத்தி வெச்சிருக்கான்!"

அவர் பின்வாங்கிக் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "அலமாக்! சிங்கப்பூர் சைட்ல சேஃப்டி ஆபீசர்கூட என்னை இப்படி விரட்டினதில்லலா."

மழை

நாலு மணிக்கு இடி கேட்டது. இடி கேட்டால் பொண்டோக்கை விட்டுவிட்டு, சாமானை எடுக்காமல், இரண்டிரண்டு பேராகத் தோட்டக்காரரின் கல்வீட்டுக்குப் போக வேண்டும் என்று காலையிலேயே சொல்லி, ஒரு தடவை நடத்தியும் பார்த்திருந்தோம். விசிலை மூன்று தடவை ஊதினேன். ஒரு பிள்ளைகூடச் சாமானுக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் தனியாகக் காரில் வந்து சேர்ந்த ஃபாதரின் பின்னால் கை கோத்துக்கொண்டு போன அந்த வரிசையைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுபடி கட்டிய அந்த ஐந்தாவதையும் சேர்த்து ஐந்து பொண்டோக்கும் காலிதானா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்காலைத் தாண்டும்போது குறுக்கே போட்டிருந்த கட்டை உருண்டு, நானும் அதுவுமாக உள்ளே விழுந்தோம். என் வலது கால் கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விசிலைச் சட்டைப் பையில் போட்டிருந்தேன்; விழுந்ததில் அது எங்கோ போய்விட்டது, பை காலி. கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கும் வந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. கல்வீட்டில் ஃபாதர் தலை எண்ணுவார். இருபத்து மூன்று இருக்கும். கணக்குச் சரி என்று கதவைச் சாத்துவார். பஸ்ஸில் டிரைவரை யார் எண்ணுகிறார்கள்? நானே என்னை ஒரு நாளும் எண்ணியதில்லையே.

ஆனால் கொஞ்ச நேரத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. சேவியரும் ஃபாதரும் கயிற்றோடு வந்தார்கள். சேவியர் வாய்க்காலில் இறங்கித் தோளால் கட்டையைத் தள்ள, ஃபாதர் என்னை இழுத்து எடுத்தார். நடந்ததை ஃபாதர் வழியில் சொன்னார். நான் நினைத்தபடியே அவர் இருபத்து மூன்று எண்ணிவிட்டு, "எல்லாரும் வந்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். ஜெனி கதவைச் சாத்த விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்: "இல்ல ஃபாதர், இருபத்து நாலு வரணும். ஒண்ணு குறையுது."

கணுக்கால் வீங்கியதோடு சரி. ஆனாலும் கமிட்டிக் கூட்டத்துக்குக் கட்டுப் போட்ட காலோடு போனபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அடிபடக்கூடாது என்று பார்த்துக்கொள்ளப் போனவனே அடிபட்டு வந்திருக்கிறேன். பொண்டோக் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ரோஸ்மேரி டீச்சர் என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைங்க ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. எல்லாரும் சொன்னபடி நடந்திருக்காங்க. அடுத்த வருஷமும் கட்டட்டும். இவருக்கு மட்டும் விசிலைக் கழுத்துல கட்டி விடுங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெனியைக் கூப்பிட்டு, காலையிலிருந்தே எப்படி இருபத்து நாலு வந்தது என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் எங்ககூடத்தானே வந்தீங்க, அங்கிள்?"

பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளப் போன என்னை, தலை எண்ண நான் துணைக்கு வைத்த பிள்ளையே எண்ணி வாய்க்காலிலிருந்து தூக்கி எடுக்க வைத்ததுதான், அன்றைக்கு நான் என் வேலையைச் சரியாகச் செய்தேன் என்பதற்கு ஒரே அத்தாட்சி.