முன் சீட்டில் உட்கார்ந்து வந்த கூடை

போன வாரம் மகளும் மருமகனும் புதிதாக வாங்கிய ஃபோர்வீல் டிரைவில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். முன் சீட்டு எனக்குத்தான் என்று மகள் அடம்பிடித்தாள். வண்டி கிளம்பியதும் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

பின் சீட்டுக்கும் சாமான் வைக்கும் இடத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு கம்பிவலை. அதன் ஓட்டையில் மூக்கை வைத்தபடி அவர்களுடைய நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கார்கோ பேரியர், மாமா. செகண்ட்ஹேண்ட்தான். புதுசு மாரி இருக்குலா?" என்றார் மருமகன்.

இருக்கிறது என்றேன். பிறகு பத்துகாஜா போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி பிடிக்கவில்லையா என்று மகள் கேட்டாள். வண்டிக்கு என்ன... நன்றாகத்தான் இருந்தது. அந்த வலைதான்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் வாராவாரம் உங்களிடம் எதையெதையோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் பேசியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ரப்பர் எஸ்டேட் கழித்துவிட்ட பழைய லேண்ட் ரோவரை வாங்கினேன். அப்போது ஈப்போவில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். ஆசிரியனுக்கு எதற்கு லேண்ட் ரோவர்? சித்தியவானுக்கு அந்தப் பக்கம் நானும் என் அண்ணனும் சேர்ந்து ஒரு தென்னந்தோப்பு வைத்திருந்தோம். மழை பெய்தால் அந்தக் களிமண் பாதையில் வேறு எந்த வண்டியும் நகராது.

அண்ணன் பெயர் அந்தோணி. நாங்கள் பிறந்த எஸ்டேட்டிலேயே பால்மரம் வெட்டுகிறவர்; ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவர் மரம் வெட்டப் போனார். அவர் சம்பளத்தில் நான் ஈப்போ மிஷன் பள்ளி விடுதிக்குப் போனேன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொள்வோம். முன்னால் நானும் என் மனைவி ரீத்தாவும். பின்னால் அண்ணன். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் பெஞ்சு உண்டு. அதில் உட்காரமாட்டார். எங்கள் முதுகுக்குப் பின்னால் சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டு, சீட்டின் மேல் முழங்கையை ஊன்றி, தலையை எங்கள் இருவருக்கும் நடுவே நீட்டிக்கொள்வார். ஒட்டுப்பால் வாசத்தோடு காதோரம் பேச்சு வரும். எந்த வீட்டில் கல்யாணம், எந்தக் கங்காணி மாடு எவன் தோட்டத்தை மேய்ந்தது... வழி போவதே தெரியாது.

ஒரு நாள் திரும்பி வரும்போது குறுக்கே மாடு வந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் கிடந்த மூட்டை அவிழ்ந்து, ஒரு தேங்காய் பறந்து வந்து ரீத்தாவின் பிடரியில் விழுந்தது. வாரம் முழுக்க அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"அடுத்தது மண்டையில விழும். நடுவுல எதையாச்சும் வைச்சு அடைங்க. இல்லன்னா நான் வர மாட்டேன்" என்றாள். நியாயம்தானே?

பழைய இரும்புக் கடையில் ஒரு கம்பிவலை கிடைத்தது. ஏதோ ஒரு எஸ்டேட் வண்டியில் இருந்தது. "பாராங் லாமா, சார். குவாட்லா" என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே அதைக் காலால் உதைத்துக் காட்டினார். பழசுதான், ஆனால் கெட்டி.

கெட்டிதான். என் வண்டிக்குத்தான் பொருந்தவில்லை. வேறு மாடலின் வலை. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வரவில்லை. தரையில் புதிதாக டிரில் போட்டேன். ஓரங்களை ராவினேன். ஆடிச் சத்தம் போடாமல் இருக்க டயர் டியூபை வெட்டி இடுக்குகளில் செருகினேன். அன்று உதவிக்கு வந்தவர் அண்ணன்தான். அவர் பின்னால் ஏறி வலையைப் பிடித்துக்கொண்டார். நான் முன் சீட்டில் மண்டியிட்டு நட்டு முடுக்கினேன்.

"தம்பி, கீழ பாரு. பெயிண்ட் எல்லாம் நகத்தால பிறாண்டி இருக்கு."

"இருக்கட்டும்ணே. ஸ்ப்ரே அடிச்சிட்டா தெரியாது."

"நம்ம பெரிய தொரை வண்டியில இப்பிடித்தான் ஒன்னு இருந்துச்சு. அவரு நாய் ரெண்டும் இதுக்குப் பின்னாடி ஒக்காந்துதான் போவும்." வலைக்குள் விரலை விட்டு ஆட்டினார். "இப்ப நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். குலைக்கவா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடைசி நட்டையும் இறுக்கினேன்.

அந்த வண்டியின் முன்பக்கம் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நடு சீட்டில் ரீத்தாவின் கூடை உட்கார்ந்து வந்தது. "அண்ணே, முன்னாடி வாங்க" என்று ஏன் நான் சொல்லவில்லை? அவர் மேல் பிரியம் இல்லாமலா? எஸ்டேட் வண்டியில் படித்தவன் முன்னால், மரம் வெட்டுகிறவன் பின்னால். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எஸ்டேட்டை விட்டு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் — அது என்னோடுதான் வந்திருந்தது, ஸ்டியரிங்குக்குப் பின்னால்.

வலை போட்ட பிறகு அண்ணன் பெஞ்சில் உட்காரத் தொடங்கினார். அங்கிருந்து ஏதாவது சொல்வார். இஞ்சின் சத்தத்தில் கேட்காது. "என்னண்ணே?" என்பேன். திரும்பச் சொல்வார். மறுபடியும் "என்னண்ணே?" என்பேன்.

"ஒன்னுமில்ல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

கொஞ்ச நாளில் அவர் தோப்புக்குப் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன்.

"பஸ்ஸுல பக்கத்துல ஆளு இருக்குலா. பேசிக்கிட்டே வந்துரலாம்."

"உங்கண்ணன் மனசுல என்னமோ இருக்கு, கேளுங்க" என்று ரீத்தா பலமுறை சொன்னாள். அடுத்த வாரம் கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த வாரங்கள் வருஷங்களாயின. தோப்பில் சந்திப்போம், காய் பொறுக்குவோம். அவர் பஸ் பிடிக்கப் போவார். நான் வண்டியை எடுப்பேன்.

எண்பதுகளின் நடுவில், ஈப்போ ஆஸ்பத்திரியில் அண்ணன் இறந்துபோனார். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், எஸ்டேட் கல்லறையில் வைக்கவேண்டும். மழைக்காலம். என் லேண்ட் ரோவரைத் தவிர வேறு வண்டி அந்த மேட்டில் ஏறாது.

பெட்டியைப் பின்பக்கமாக ஏற்றினார்கள். பாதி உள்ளே போய் வலையில் முட்டி நின்றது. கதவு மூடவில்லை. "சார், வலையைக் கழட்டணும்" என்றார் யாரோ.

கழற்றினேன். கூடையை எடுத்து ரீத்தாவிடம் கொடுத்தேன். நடு சீட்டின் சாய்மானத்தை மடக்கினோம். பெட்டியின் தலைப்பக்கம் நேராக முன்னால் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. அவருடைய பழைய இடம். எஸ்டேட் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டே போனேன்.

அந்த வலையை மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. கழற்றும் வேலை, ஆஸ்பத்திரி வாசலில் யாரோ என் கையில் கொடுத்த கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.