மங்கை மேடமும் நடுங்கும் குழாய்களும்

மங்கை மேடத்தின் கணவர் சிவராமன் அழைத்தபோது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பட்டறையின் சோதனை மேடை அருகே நின்றிருந்தேன். இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து மறுபடி கேட்டேன். "பாஸ்கர், மங்கை போயிட்டா. காலையிலதான். கஷ்டப்படலை" என்றார். உள்ளே போய் ஃபிட்டர் ஏழுமலையிடம் சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "இன்னா சார் சொல்ற? போன வாரம்கூட என்னாண்ட பேசிச்சே மேடம்" என்றார். அன்று யாரும் அதை மறுபடி ஓட்டவில்லை.

மங்கையர்க்கரசி எங்கள் நிறுவனத்தின் அதிர்வுப் பொறியாளர். மின்நிலையக் குழாய்கள் நடுங்கி உடையாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "குழாய் ஏம்மா ஆடப்போகுது?" என்று கேட்டார். "நானும் அதைத்தான் சார் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று மங்கை மேடம் சிரிக்காமல் பதில் சொன்னார். அந்த மனிதர் அவரைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுச் சாம்பார் வாங்கிக்கொண்டார்.

பிறந்தது சாத்தூர்ப் பக்கம். கணவர் சிவராமனுக்கு ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில்தான் மேடம் எங்களிடம் சேர்ந்தார். நானும் அதே மாதம் வரைபடப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாளே அவர் மேசையில் உட்காராமல் பட்டறைக்குள் போய்விட்டார். அங்கே குழாயைத் தொங்கவிடும் பெரிய ஸ்பிரிங் ஒன்று கிடந்தது. "இவ்வளவு கனமான குழாயை இறுக்கிப் பிடிக்காம ஏன் ஸ்பிரிங்ல தொங்க விடுறோம்?" என்று ஏழுமலையைக் கேட்டார். பிறகு என்னை. பிறகு மேலாளரை. சூடானால் குழாய் நீளும், அதற்கு இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஒவ்வொருவரும் அதை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறோம் என்று பார்க்க ஆசை.

பின்னாளில் திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கி ரயிலில் வரத் தொடங்கினார். பெட்டியில் ஒரு ஜன்னல் சட்டம், வண்டி குறிப்பிட்ட வேகத்துக்கு வந்தால் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும். வேகம் கூடினாலோ குறைந்தாலோ அடங்கிவிடும். அவர் அதன்மேல் விரலை வைத்துக் காத்திருப்பார். "எல்லாத்துக்கும் சொந்தமா ஒரு ஆட்டம் இருக்கு. அந்தத் தாளத்துக்கு வெளியிலேர்ந்து யாராவது தட்டினா போதும், குதிக்க ஆரம்பிச்சுடும்" என்பார்.

கடலோர அனல் மின்நிலையம் ஒன்றுக்கு நாங்கள் சேர்ந்து போனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மின் உற்பத்தி குறையும்போது பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு பங்கைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் குழாய் அங்கே பயங்கரமாக நடுங்கியது. அதிலிருந்து கிளைத்த சிறிய வடிகால் குழாய், வெல்டு வைத்த இடத்தில் ஒருமுறை விரிசல் விட்டது. பற்றவைத்தார்கள். மறுபடி விரிசல் விட்டபோது கொதிநீர் பீய்ச்சியடித்து, அந்த வழியாகப் போன ஒப்பந்தத் தொழிலாளியின் கை வெந்துவிட்டது. பெரிய குழாயைத் தூணோடு இரும்பால் பிணைத்துவிடச் சொன்னார் பொறுப்பு அதிகாரி.

"ஆடுனா கட்டிப்போட வேண்டியதுதான மேடம்?" என்றார் உடன் வந்த ஏழுமலை.

"சூடானா நீளுமே. கட்டிப்போட்டா எங்கே போகும்?"

"எங்கனா போய்த்தான ஆவணும்."

"அந்த எங்கனாதான் எனக்குப் பயம்."

பம்ப்தான் காரணம் என்று அவர் முதலில் நினைத்தார். அதை நிறுத்தி, சீர்செய்து, மறுபடி ஓட்டினார்கள். நடுக்கம் துளியும் குறையவில்லை. "உங்களை நம்பி ஒரு நாள் வீணாப்போச்சு மேடம்" என்று அதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார். இந்த வேலை கையைவிட்டுப் போய்விடும் என்றே நினைத்தேன். மேடத்தின் முகத்திலோ தெளிவு. "ஆமா சார், நான் நினைச்சது தப்பு. பம்ப் இல்லைன்னு இப்போ உறுதியாத் தெரிஞ்சுடுச்சு" என்றார்.

உற்பத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டு, கருவியோடு குழாயின் நீளத்துக்கும் நடந்தார். ஒரு வால்வு அருகே நின்று என்னைக் கூப்பிட்டார். "உள்ளே ஜல்லி ஓடுற மாதிரி இருக்கா?" அப்படித்தான் இருந்தது. வால்வு லேசாகத் திறந்திருக்கும்போது மட்டும் தண்ணீரில் குமிழ்கள் உண்டாகி வெடித்தன. அந்த அதிர்ச்சி குழாயின் சொந்த ஆட்டத்தைக் கிளப்பிவிட்டது.

தூணோடு பிணைப்பதற்குப் பதில் டாம்பர் வைக்கச் சொன்னார். கதவு மெல்லச் சாத்துவதற்கு மேலே பொருத்துவோமே, அந்த வகைக் கருவி. மெதுவாக நீளும் குழாய்க்கு வழிவிடும், வெடுக்கென்று ஆடினால் தடுக்கும். சிறிய குழாயைப் பெரிய குழாயோடே முட்டுக்கொடுத்துச் சேர்க்கச் சொன்னார். "ரெண்டும் சேர்ந்து ஆடட்டும். ஒண்ணு ஆடி ஒண்ணு நின்னாத்தான் கழுத்து ஒடியும்." அடுத்த முறை நிலையத்தை நிறுத்தும்போது வால்வின் உள்பாகங்களை மாற்றவும் எழுதினார். அதிகாரி தயங்கினார். "கட்டித்தான் போடணும்னா என் கையெழுத்து அதுல வேணாம் சார்" என்று அடக்கமாகவே சொன்னார் மேடம்.

அவர் சொன்னபடி செய்து ஓட்டிய அன்று, அதிகாரி அந்தச் சின்னக் குழாயின் முட்டில் கையுறையோடு உள்ளங்கையை வைத்தவர், வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு எல்லாருக்கும் டீ சொன்னார்.

திரும்பும் வழியில் மருத்துவமனைக்குப் போனோம். கையில் கட்டோடு படுத்திருந்த அந்தத் தொழிலாளி, "இனிமே உடையாதுல்ல மேடம்?" என்றார். "உடையவே உடையாதுன்னு சொல்ல மாட்டேன்பா. ஏன் உடைஞ்சுதுன்னு கண்டுபிடிச்சு, அதைச் சரிபண்ணியிருக்கோம். போய்ப் போய்ப் பாப்போம்." சொன்னபடி போய்ப் பார்த்தும் வந்தார்.

புற்றுநோய் வந்த பிறகு அலுவலகம் வருவது நின்றது. கடைசியாக ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். தலையில் துண்டு கட்டி, மெலிந்து, சுவரில் காதை வைத்து நின்றிருந்தார். "உஷ்" என்றார். சுவருக்குள் தட், தட், தட்டென்று ஏதோ இடித்தது. ஃப்ளாட்டில் எல்லாரும் அதற்குப் பயந்துபோயிருந்தார்களாம். "என்னால மாடி ஏற முடியாது பாஸ்கர். போனை எடுத்துக்கிட்டு நீங்க போங்க."

மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். நீர் நிரம்பும் தறுவாயில் மிதவை அலையில் ஏறி இறங்க, அதனோடிணைந்த வால்வு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. போனில் அவருக்குச் சொன்னேன்.

"கையால அமுக்கிப் பிடிங்க."

பிடித்தேன்.

"நின்னுடுச்சு! விடுங்க."

விட்டேன்.

"வந்துடுச்சு! பாஸ்கர், வந்துடுச்சு! இன்னொரு தடவை பிடிங்க..."

மொட்டைமாடி வெயிலில் சட்டைக் கை நனைய நான் பிடித்துப் பிடித்து விட்டேன். கீழே அவர் சிரித்துக்கொண்டிருப்பது போனில் கேட்டது. காரணம் எப்போதோ தெரிந்துவிட்டது. இருந்தும் இருவருக்கும் நிறுத்த மனம் வரவில்லை.

அந்தச் சிரிப்போடு போய்வாருங்கள், மேடம்.