குளியலறையிலிருந்து வந்த அறிக்கை

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் எங்கள் முதல் வீட்டை வாங்கப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் வாங்கவே கூடாது என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சிறு சுத்தியலோடு வந்தார். ஒவ்வொரு சுவராகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். வீட்டை விற்பவர் கவலையோடு அவர் பின்னாலேயே நடந்தார்.

குளியலறைக்குள் போன பொறியாளர், கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டுப் பார்த்தார். போட்ட தாழ்ப்பாள் திரும்ப வரவில்லை.

"ஏனுங்க, இது தொறக்க மாட்டேங்குதுங்க" என்றார் உள்ளிருந்து.

"கொஞ்சம் தூக்கி இழுங்க, வந்துருமுங்க" என்றார் விற்பவர்.

வரவில்லை. ஆசாரியை அழைத்துவர அவர் மொபெட்டில் கிளம்பினார்.

பொறியாளர் சும்மா இருக்கவில்லை. "எழுதிக்குங்க அம்மணி" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். என் மனைவி கதவோரம் உட்கார்ந்து எழுதினாள். தரை வாட்டம் சரி. குழாயில் கசிவு இல்லை. கூரையில் ஈரம் இல்லை.

"கதவு எப்படிங்க?" என்று கேட்டேன்.

தோளால் இடிக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"அசல் தேக்குங்க" என்றார் வருத்தத்தோடு.

ஒரு மணி நேரம் கழித்து ஆசாரி வந்து, கதவிடுக்கில் இரும்பறுக்கும் பிளேடு விட்டுத் தாழ்ப்பாளை அறுத்தார். வியர்வையோடு வெளியே வந்த பொறியாளர், "தாராளமா வாங்கலாமுங்க" என்றார்.

வாங்கினோம். பால் காய்ச்சிய அன்று அவரும் வந்திருந்தார். கைகால் கழுவ மட்டும் வாசல் குழாய்க்கே போனார்.