அத்தையின் ஊர்க்காரர்கள்

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரை எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். எங்கள் கூடலூரைக்கூட அவ்வளவு தெரியாது. அப்பாவின் தங்கை அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்கள் திராட்சைப் பந்தலின் கல்தூண்கள் அவள் சம்பளத்தில் நின்றன. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விடுப்பில் வந்தால், பந்தலின் இலைநிழல் எங்கள் மேல் ஊர்ந்து ஊர்ந்து அலைய, அந்த ஊரைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கல்லால் கட்டிய சர்ச். சர்ச்சுக்கும் மூத்த மரம். பனி மூடிய நாளில் வழி தவறியவர்களுக்காக விடாமல் மணியடித்த மார்த்தா. ஊர்க் குதிரைகளுக்கெல்லாம் லாடம் கட்டிய தாமஸ். மாவு ஆலைக் குளத்தில் நீந்தப்போன அண்ணன் தம்பி. கேட்கக் கேட்க எனக்கு ஏக்கம் பிடித்துக்கொள்ளும்.

ஒருமுறை, அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

“யாருமில்லாத ஊர்ல போயி என்னத்துக்குத்தா கெடக்க? இங்கனயே இருந்துரு.”

அத்தை தட்டையே பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தைக்கா ஆளில்லை? மார்த்தாவில் தொடங்கி ஒவ்வொருவராகச் சொன்னேன். ஞாயிறுதோறும் சோறு கட்டிக்கொண்டு போய் அவர்களோடுதான் சாப்பிடுவாள் என்பதையும் விடவில்லை.

அம்மா சிரித்தாள். “அம்புட்டுப் பேரும் ஒன்கிட்ட என்னதான் பேசுவாக?”

“அவுக பேச மாட்டாக, மதினி. நாஞ் சொல்றதக் கேட்டுக்கிருப்பாக.”

அதன்பிறகுதான் அப்பா சோற்றைப் பிசைந்தார்.

அத்தை இறந்து சில காலம் கழித்து, சென்ற வருடம், அந்த ஊருக்குப் போனேன். சர்ச்சும் மரமும் அப்படியே இருந்தன. மரத்தடியில், பாசி படர்ந்த கல்லறையில் மார்த்தா. தள்ளித் தாமஸ். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கல். நான் விரும்பிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள், அத்தை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. எதிரே ஒரு பெஞ்சு, ஒருவர் உட்கார்ந்து சாப்பிடத் தோதாக.

அப்பா சோற்றில் கை வைக்காத அந்த நாளுக்கு மறுநாள் காலை, அத்தையை ஏற்றிச்செல்லும் ஜீப் குமுளிக்குக் கிளம்பியபோது, “அவுகளையெல்லாம் நான் கேட்டேன்னு சொல்லு அத்தை” என்றேன். என் தலையில் வைத்த கையை அவள் எடுக்கவேயில்லை. டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

“சொல்றேன்டி.”

அங்கே எத்தனை பேர் இவளுக்காகக் காத்திருப்பார்கள் என்று, மலை வளைவில் ஜீப் மறையும்வரை பொறாமையோடு கையசைத்துக்கொண்டிருந்தேன்.